எஸ்.டபிள்யூ.ஆர். 1.1, ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை: வீட்டில் செய்யும் யாகி ஆண்டெனாவின் கணக்கு

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்கள் வரப்போகின்றன என்ற செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும், ஹாம் ரேடியோ ஆர்வலர் பலர் இரும்பு இன்ச் டேப்பை வெட்டி மூன்று எலிமென்ட் (குறுக்குப் பட்டை) கொண்ட, ஒரு திசையைக் குறிபார்க்கும் யாகி ஆண்டெனா செய்கிறார்கள். செலவு குறைவு, ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். அதன்பின் எழும் குழப்பமும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆண்டெனா கருவியோடு பொருந்துவதை அளக்கும் மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 என்று அழகாகக் காட்டுகிறது; ஆனால் கேட்பதோ கையடக்க வானொலிக் கருவியோடு வந்த ரப்பர் ஆண்டெனாவில் கேட்ட அளவுதான்.

மீட்டர் பழுதில்லை. அது பதில் சொல்லும் கேள்வி வேறு, நாம் கேட்க நினைக்கும் கேள்வி வேறு. ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறது என்பது எஸ்.டபிள்யூ.ஆருக்குத் தெரியாது.

முதலில் நான்கு சொற்கள்

1. மின்மறுப்பு: ஆண்டெனாவின் முனையில் ரேடியோ மின்னோட்டம் சந்திக்கும் மொத்தத் தடை. இதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று மின்தடை. இன்னொன்று, ஆண்டெனா நீளமானதா குட்டையானதா என்பதைப் பொறுத்து வரும் மின்தூண்டித் தன்மை அல்லது மின்தேக்கித் தன்மை. கருவியும் கேபிளும் 50 ஓம் மின்தடையை மட்டுமே எதிர்பார்க்கின்றன.

2. எஸ்.டபிள்யூ.ஆர்.: அந்த 50 ஓமிலிருந்து ஆண்டெனா எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. 1.5 என்றால் செலுத்திய ஆற்றலில் 4 விழுக்காடு திரும்பி வருகிறது. 2 என்றால் 11 விழுக்காடு. 3 என்றால் 25. ஆகவே 1.4-ஐ 1.1 ஆக்க மல்லுக்கட்டுவதால் காதுக்குத் தெரியும் லாபம் எதுவும் இல்லை.

3. ஆதாயம்: ஆற்றலை எல்லாப் பக்கமும் இறைக்காமல் ஒரு பக்கம் குவிப்பதால் அத்திசையில் கிடைக்கும் கூடுதல் வலு. இதை டெசிபெல்லில் சொல்வார்கள். எதோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். எல்லாத் திசையிலும் சமமாகக் கதிர்வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டால் வரும் எண், சாதாரண டைபோலோடு (நடுவில் கேபிள் இணைந்த அரை அலைநீளக் கம்பி) ஒப்பிடும் எண்ணைவிட 2.15 கூடுதலாக இருக்கும். விற்பனை அட்டைகளில் பெரிய எண் அச்சாவதன் ரகசியம் இதுதான்.

4. முன்-பின் விகிதம்: முன்பக்கம் வாங்கும் வலுவுக்கும் பின்பக்கம் வாங்கும் வலுவுக்கும் உள்ள வேறுபாடு. 20 டெசிபெல் என்றால் நூற்றுக்கு ஒன்று.

திசை எங்கிருந்து வருகிறது

ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஷின்டாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926-இல் வெளியிட்ட அமைப்பு இது. வேலையில் பெரும்பங்கு உடாவுடையது. உலகத்தில் நிலைத்த பெயர் யாகியுடையது.

கேபிள் இணையும் எலிமென்ட் ஒன்றே ஒன்றுதான். அதை டிரிவன் என்பார்கள். மற்ற இரண்டுக்கும் ஒயர் இணைப்பே கிடையாது. டிரிவனிலிருந்து காற்றில் வரும் அலை அவற்றில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஓர் அலையை வீசுகிறது. அரை அலைநீளத்தைவிடச் சற்று நீளமான எலிமென்ட்டில் மின்னோட்டம் பின்தங்குகிறது, குட்டையானதில் முந்துகிறது. நீளமானதைப் பின்னால் வைத்தால் அது ரிஃப்ளெக்டர். குட்டையானதை முன்னால் வைத்தால் அது டைரக்டர். மூன்று அலைகளும் முன்பக்கத்தில் ஒன்றுகூடி வலுக்கின்றன, பின்பக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். முன்பக்கம் கூடுவதற்குத் துல்லியம் அவ்வளவு தேவையில்லை. நீளம் ஒரு விழுக்காடு பிசகினாலும் ஆதாயத்தில் பெரிய இழப்பு வராது. பின்பக்கம் அழிவதற்கோ அலைகளின் அளவும் நேரமும் இரண்டுமே பொருந்த வேண்டும். அதனால் சிறு பிழையிலும் முதலில் கெட்டுப்போவது முன்-பின் விகிதம்தான்.

இரண்டாவது விளைவு இன்னும் முக்கியமானது. டைரக்டர் சற்றுக் குட்டையாகிவிட்டால் ஆதாயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீளமாகிவிட்டால் அது ரிஃப்ளெக்டர்போல நடக்கத் தொடங்கும். ஆண்டெனா பின்னோக்கிப் பார்க்கும். ‘முதலில் நீளமாக வெட்டு, பிறகு குறைத்துக்கொள்’ என்ற பழைய அறிவுரை டிரிவனுக்குச் சரி. டைரக்டருக்கு அதைச் சொல்லக் கூடாது.

நல்ல எஸ்.டபிள்யூ.ஆர். எப்படி ஏமாற்றும்

50 ஓம் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் வெறும் மின்தடை) ஒன்றை மாட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.0 காட்டும். அதிலிருந்து அலை வெளியேறுவதில்லை. எல்லாம் சூடாகப் போய்விடுகிறது. மெல்லிய நீளமான கேபிளும் பாதி டம்மி லோடுதான். ஆர்.ஜி.-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் இழக்கிறது. 15 மீட்டர் ஓட்டினால் 3 டெசிபெல், அதாவது பாதி ஆற்றல் வழியிலேயே போகிறது.

இப்போது மறுமுனையில் ஆண்டெனாவே இல்லாமல் கேபிளைத் திறந்து விட்டதாக வைத்துக்கொள்வோம். போகும் வழியில் பாதி கரைகிறது. மிச்சம் முழுவதும் திரும்புகிறது. வரும் வழியில் மறுபடி பாதி கரைகிறது. மீட்டருக்குத் தெரிவது கால்பங்கு மட்டுமே. அது காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 3. இதே கேபிள் 30 மீட்டர் என்றால், முனையில் எதுவுமே இல்லாமல் 1.7 காட்டும்! மாடியில் ஆண்டெனாவையும் கீழ் அறையில் மீட்டரையும் வைத்துக்கொண்டு ‘மேட்ச் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் உள்ள ஆபத்து இது. அளவீடு ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும்.

கேபிளின் வெளி உறையில் மின்னோட்டம் ஓடுவது இன்னொரு ஏமாற்று. டிரிவனின் இரு கைகளும் சமச்சீரானவை. கோயாக்ஸ் கேபிள் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உலோகப் பின்னலும் கொண்டது) அப்படியல்ல. இரண்டையும் நேரடியாக இணைத்தால், பின்னலின் வெளிப்பரப்பு மூன்றாவது கையாக மாறி அதுவும் கதிர்வீசும். எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாகவே இருக்கலாம், திசை மட்டும் காணாமல் போயிருக்கும். பின்பக்கச் சத்தம் குறையவே இல்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அளவுகள்

145.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2,056 மி.மீ.; அரை அலை 1,028 மி.மீ. கீழ்க்கண்ட அளவுகள் 25 மி.மீ. அகலமுள்ள இரும்பு இன்ச் டேப்புக்கும் பி.வி.சி. பூமுக்கும் (எலிமென்ட்டுகளைத் தாங்கும் நடுக்குழாய்) உரியவை.

ரிஃப்ளெக்டர்: 1,056 மி.மீ.
டிரிவன்: ஒவ்வொரு கையும் 453 மி.மீ., நடுவில் 25 மி.மீ. இடைவெளி
டைரக்டர்: 897 மி.மீ.
ரிஃப்ளெக்டரிலிருந்து டிரிவன் வரை: 204 மி.மீ.
டிரிவனிலிருந்து டைரக்டர் வரை: 319 மி.மீ.
ஹேர்பின்: 130 மி.மீ. செம்புக் கம்பி, 19 மி.மீ. இடைவெளியுடன் ‘ப’ வடிவில் வளைத்தது

இப்படிச் செய்த ஆண்டெனாவில் 7 டெசிபெல் ஆதாயத்தை எதிர்பார்க்கலாம். இது கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்ட எண், டைபோலோடு ஒப்பிட்டால் 5. பார்வை அகலம் ஏறத்தாழ 65 பாகை.

டேப் 19 மி.மீ. அகலமானதாக இருந்தால் ரிஃப்ளெக்டர், டைரக்டர் நீளத்தை 3-4 மி.மீ. கூட்ட வேண்டும், கடத்தி மெலியும்போது அதே அதிர்வெண்ணுக்குச் சற்று நீளம் தேவைப்படும். பி.வி.சி.க்குப் பதிலாக அலுமினியக் குழாயைப் பூமாகப் போட்டு எலிமென்ட்டுகளை அதில் நேரடியாகத் திருகினால் இந்த அளவுகள் பொருந்தா. உலோகப் பூம் எலிமென்ட்டின் மின் நீளத்தைக் குறைத்துவிடும்; அதற்குத் தனித் திருத்தம் உண்டு.

டிரிவனின் மொத்த நீளம் 931 மி.மீ. தான், அரை அலையைவிட ஏறக்குறைய 10 செ.மீ. குறைவு. இது வேண்டுமென்றே செய்வது. டைபோலுக்குத் தனியாக 73 ஓம் மின்தடை. அருகில் இரண்டு எலிமென்ட்டுகள் வந்ததும் அது 20-35 ஓம் அளவுக்கு விழுந்துவிடுகிறது. டிரிவனைக் குட்டையாக்கினால் அதற்கு மின்தேக்கித் தன்மை வருகிறது. குறுக்கே போடும் ஹேர்பின் ஒரு சிறு மின்தூண்டி. இரண்டும் சேர்ந்து அந்த மின்தடையை 50 ஓமுக்கு உயர்த்துகின்றன. ஹேர்பினை மறந்துவிட்டு, நீளத்தை மட்டும் மாற்றி மாற்றி எஸ்.டபிள்யூ.ஆரை இறக்கப் பார்ப்பவர்கள் 1.7-க்குக் கீழே போகத் திணறுவது இதனால்தான்.

பொருட்கள்: 5 மீட்டர் இரும்பு இன்ச் டேப் ஒன்று (தையல்காரர் டேப் உதவாது), முக்கால் இன்ச் பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர், அதற்குரிய நான்கு வழி இணைப்பு இரண்டு, டி இணைப்பு ஒன்று, எஃகு ஹோஸ் கிளாம்ப் ஆறு, ஆர்.ஜி.-58 கேபிள் 3 மீட்டர், கருவிக்கேற்ற கனெக்டர், 1.2 மி.மீ. தடிமனுள்ள எனாமல் செம்புக் கம்பி சிறிது.

செய்முறை

1. டேப்பைத் தகரக் கத்தரியால் வெட்டவும். சுருளிலிருந்து விடுபடும் முனை கத்திபோல் அறுக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். மூலைகளை அரத்தால் மழுக்கி, முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றவும். பழைய டேப்பின் முனையிலுள்ள கொக்கி இருக்கும் பகுதியை அப்படியே பயன்படுத்த வேண்டாம்; கொக்கியும் நீளத்தில் சேர்ந்துவிடும்.

2. பூமை அசெம்பிள் செய்யும்போது இடைவெளியை எலிமென்ட்டின் மையத்திலிருந்து மையம் வரை அளக்கவும். குழாய்த் துண்டின் நீளம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனெனில் இணைப்புகளும் இடம் பிடிக்கின்றன. 204 மி.மீ. குழாயை வெட்டி நான்கு வழி இணைப்புக்குள் செருகுவதுதான் மிகப் பரவலான பிழை. டி இணைப்பு டைரக்டருக்கு. ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் கைப்பிடியாக 25 செ.மீ. குழாயை விடவும்.

3. டிரிவனின் இரு கைகளின் உள்முனையில் 15 மி.மீ. தூரம் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்க்கவும். எஃகில் ஈயம் எளிதில் ஒட்டாது. 60 வாட் சால்டரிங் அயர்னும் நல்ல பேஸ்டும் தேவை. முதலில் எஃகின்மேல் தனியாக ஈயப்பூச்சு கொடுங்கள். அது படர்ந்து ஒட்டிய பிறகே கம்பியை வைக்கவும். இந்த வேலையைப் பூமில் மாட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இல்லையென்றால் பி.வி.சி. உருகும். பேஸ்ட் மிச்சத்தைத் துடைத்துவிடவும், விட்டால் துருப்பிடிக்கும்.

4. எலிமென்ட்டுகளைக் கிளாம்ப் போட்டு இணைப்புகளின்மேல் இறுக்கவும். டிரிவனின் இரு கைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரே கிளாம்ப் இரண்டையும் பிடிக்கவும் கூடாது. ரிஃப்ளெக்டர், டைரக்டரின் சரியான நடுப்புள்ளி பூமின் மையத்தில் இருக்கட்டும்.

5. ஹேர்பினின் இரு முனைகளில் எனாமலைச் சுரண்டி, இடைவெளியின் இருபுறமும் பற்றவைக்கவும். கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, பின்னல் மற்றதற்கு. உரித்த கம்பியின் நீளம் 20 மி.மீ. தாண்டாமல் இருக்கட்டும், இந்த அதிர்வெண்ணில் அதுவும் ஆண்டெனாவின் ஒரு பகுதியே.

6. இணைப்பிலிருந்து கேபிளை உடனே பூமின்மேல் 5-6 சுற்று, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, இறுக்கமாகச் சுற்றவும். இதுதான் வெளி உறை மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக். நிறையச் சுற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம்: சுற்றுகளுக்கிடையே மின்தேக்கம் கூடி, தடுக்க வேண்டிய மின்னோட்டத்துக்கே வழிவிடும். பிறகு கேபிளைப் பூமின்மேலேயே பின்னோக்கிக் கொண்டுபோய்க் கைப்பிடி வழியாக இறக்கவும்.

டியூன் செய்தல்

இதற்கு நானோ வி.என்.ஏ. என்ற சிறிய ஆண்டெனா அளவீட்டுக் கருவி போதும். அதன் வெளியீடு மிகச் சிறியது. ஒலிபரப்பியில் பட்டனை அழுத்தி அளக்க வேண்டியதில்லை. 140 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லை வைத்து, திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் என மூன்றையும் மாட்டி அளவுத்திருத்தம் செய்யவும். எல்லையை மாற்றினால் திருத்தத்தை மறுபடி செய்வது நல்லது.

ஆண்டெனாவை வானம் நோக்கி, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், மரக்கம்பிலோ பி.வி.சி. குழாயிலோ நிறுத்தவும். கம்பி அழிக்கதவு, தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பி எல்லாம் தள்ளியே இருக்கட்டும். மேசைமேல் படுக்க வைத்து எடுத்த எண் எதற்கும் ஆகாது.

திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். கோடு ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளத்தை நகர்த்த இரண்டு பிடிகள்தான் உண்டு.

1. பள்ளம் எங்கே இருக்கிறது என்பதை டிரிவனின் நீளம் தீர்மானிக்கிறது. 145.8-க்குக் கீழே இருந்தால் டிரிவன் நீளம். இரு கைகளையும் சமமாகக் குறைக்கவும். ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர ஒவ்வொரு கையிலும் ஏறத்தாழ 3 மி.மீ. மேலே இருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்திக் கைகளை வெளியே இழுத்து நீளத்தைக் கூட்டலாம். அதற்காகவே தொடக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுவது புத்திசாலித்தனம்.

2. பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை ஹேர்பின் தீர்மானிக்கிறது. இரு கால்களையும் நெருக்கினால் மின்தூண்டல் குறையும், விரித்தால் கூடும். விரலால் மெல்ல நெருக்கிக் கையை எடுத்துவிட்டுப் பார்க்கவும். கை அருகில் இருக்கும்போது தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். ஹேர்பினை மாற்றினால் பள்ளமும் சற்று நகரும், எனவே முதல் பிடிக்குத் திரும்ப வேண்டிவரும். மூன்று நான்கு சுற்றில் 1.3-க்குக் கீழே வந்துவிடும். அங்கேயே நிறுத்தலாம்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு: எஸ்.டபிள்யூ.ஆருக்காக ரிஃப்ளெக்டரையோ டைரக்டரையோ வெட்டுவது. வெட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும், உண்மைதான். ஆனால் திசையை உருவாக்குபவை அவை இரண்டும். அவற்றின் நீளமும் இடைவெளியும் அளவுப்படி வந்துவிட்டால் பிறகு கை வைக்கக் கூடாது. பொருத்தம் பார்ப்பதெல்லாம் டிரிவனிலும் ஹேர்பினிலும் மட்டுமே.

ஸ்மித் சார்ட் என்ற, மின்மறுப்பைக் காட்டும் வட்ட வரைபடத்தைப் பார்த்து மின்தடையைப் படிக்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. இடையிலுள்ள கேபிள் மின்மறுப்பை உருமாற்றிக் காட்டும். 3 மீட்டர் கேபிள் வழியாகத் தெரியும் ஓம் கணக்கு ஆண்டெனாவுடையது அல்ல. ஆர்.ஜி.-58-இல் அலை ஒளியின் வேகத்தில் 66 விழுக்காடு வேகத்திலேயே ஓடுவதால், 145.8-இல் அரை அலைக் கேபிளின் நீளம் 678 மி.மீ. அதன் மடங்காக, எடுத்துக்காட்டாக 2,712 மி.மீ. ஆகக் கேபிளை வெட்டினால், அந்த ஒரு அதிர்வெண்ணில் ஆண்டெனாவின் மின்மறுப்பு ஏறக்குறைய அப்படியே கருவிக்கு வந்து சேரும்.

சோக் வேலை செய்கிறதா என்று பார்க்க, சுற்றுகளுக்குக் கீழே கேபிளைக் கையால் பிடித்து, அப்படியே நகர்த்திப் பார்க்கவும். கோடு அசையக் கூடாது. அசைந்தால் வெளி உறையில் மின்னோட்டம் இன்னும் ஓடுகிறது.

திசையைச் சோதித்தல்

பலர் தவிர்த்துவிடும் படி இது. திறந்த வெளியில் 50-100 மீட்டர் தள்ளி, உரிமம் பெற்ற ஒருவர் 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் காலியான ஒரு சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்) அதிர்வெண்ணில் மிகக் குறைந்த ஆற்றலில் பேசட்டும். இந்தியாவில் இந்த அலைவரிசை 144 முதல் 146 வரை மட்டுமே, 145.800-ஐ விண்வெளி நிலையத்துக்கு விட்டுவிட வேண்டும், சோதனைக்குக்கூட அதில் பேசக் கூடாது. இரு ஆண்டெனாக்களும் ஒரே நிலையில், இரண்டும் செங்குத்தாகவோ இரண்டும் படுக்கையாகவோ, இருக்க வேண்டும்.

ஆண்டெனாவை மெல்லச் சுற்றினால் முன்பக்கம் அகன்ற மேடாகவும் பின்பக்கம் குறுகிய பள்ளமாகவும் தெரிய வேண்டும். கைக்கருவியின் சிக்னல் பட்டைகளை நம்பிவிடாதீர்கள். சிக்னல் வலுவாக இருந்தால் எல்லாத் திசையிலும் முழுப் பட்டை காட்டும். எஸ்.டி.ஆர். டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பி) தானியங்கி ஆதாயத்தை அணைத்துவிட்டு டெசிபெல்லைப் படிப்பது நல்லது. அது இல்லாதவர்கள் வானொலியை 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்து கேட்கலாம். உணர்திறன் குறைந்து, முன்பின் வேறுபாடு காதுக்கே தெரியும்.

பின்பக்கத்தில் வலு கூடுதலாக இருந்தால் டைரக்டர் நீளமாகிவிட்டது, அல்லது டைரக்டரும் ரிஃப்ளெக்டரும் இடம் மாறியிருக்கின்றன. எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சோக்கைப் பாருங்கள். அடுத்துச் சுற்றுச்சுவர் எதிரொலிப்பைச் சந்தேகிக்கலாம். இடம் மாற்றிப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.

விண்வெளி நிலையத்தை நோக்கி

நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. தலைக்கு நேர்மேலே இருக்கையில் தூரமும் அவ்வளவே. அடிவானத்தில் தோன்றும்போது 2,300 கி.மீ. இந்த வேறுபாடு மட்டும் 15 டெசிபெல். ஆகவே உச்சியில் ரப்பர் ஆண்டெனாவிலும் கேட்கும். யாகியின் பயன் தெரிவது எழும்போதும் மறையும்போதும். 65 பாகை அகலப் பார்வை என்பதால் குறி துல்லியமாக இருக்கத் தேவையில்லை, 20 பாகை பிசகினாலும் இழப்பு சிறிது.

நிலையம் நெருங்கும்போது டாப்ளர் விளைவால் அதிர்வெண் ஏறத்தாழ 3.4 கிலோஹெர்ட்ஸ் மேலே, விலகும்போது அதே அளவு கீழே. கருவியை அகல எஃப்.எம். நிலையில் வைத்தால் இது உறுத்தாது. குறுகிய நிலையில் வைத்தால் படத்தில் சிதைவு வரும். படத்தை ஒலியாக மாற்றி அனுப்ப பெரும்பாலும் பயன்படும் பி.டி.-120 முறையில் ஒரு படம் முழுதாக வர 2 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், ஒரு கடப்போ 10 நிமிடம்தான். படத்தில் குறுக்கே இரைச்சல் பட்டை விழத் தொடங்கினால் பெரும்பாலும் குறி தப்பவில்லை. அலையின் சாய்வு திரும்பியிருக்கிறது. ஆண்டெனாவை அதே திசையில் வைத்துக்கொண்டு மணிக்கட்டைக் கால்வட்டம் திருப்பினால் பட்டை மறையும்.